தீவனத்தால் நல்ல கொழுப்பு அமிலங்கள் கூடிய பால்: இரத்தக் கொழுப்பு உள்ளவர்களுக்கு உதவுமா?

நிலவன்:
என் தந்தைக்கு எல்.டி.எல். (இரத்தத்தில் உள்ள ‘கெட்ட’ கொழுப்பு) சற்று உயர்ந்திருப்பதால், நிறைவுற்ற கொழுப்பைக் குறைக்குமாறு மருத்துவர் கூறியுள்ளார். பசுக்களுக்கு ஆளிவிதை கொடுத்து ஒமேகா-3, சி.எல்.ஏ. (லினோலிக் அமிலத்தின் ஒரு மாற்று வடிவம்) ஆகிய கொழுப்பு அமிலங்களை இயற்கையாகவே கூட்டிய பால் இதயத்துக்கு நல்லது என்கிறார்கள். கொழுப்பு நீக்கிய பாலுக்குப் பதிலாக அதைக் கொடுக்கலாமா?

மருதம்:
பாலில் அவை கூடுவது உண்மைதான். பசும்புல்லிலும் ஆளிவிதையிலும் உள்ள லினோலெனிக், லினோலிக் அமிலங்களை மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் படிப்படியாக உருமாற்றுகின்றன. அப்போது உண்டாகும் வாக்சினிக் அமிலம் இரத்தத்தின் வழியே மடியை அடைந்து, அங்குள்ள நொதியால் சி.எல்.ஏ.வாக மாறுகிறது. பச்சைப் புல் மேயும் மாட்டின் பாலில் இது இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணம். மீன் எண்ணெய் கலந்து விற்கப்படும் பால் வேறு வகை.

அறிவன்:
மூன்று மடங்கு என்பது எதன் மூன்று மடங்கு என்று பார்க்க வேண்டும். 200 மி.லி. முழுப்பாலில் ஏறத்தாழ 7 கிராம் கொழுப்பு உண்டு; ஒரு கிராம் கொழுப்பில் 5 மி.கி. சி.எல்.ஏ. என்று கொண்டால் ஒரு குவளைக்கு 35 மி.கி., மும்மடங்கானாலும் சுமார் 100 மி.கி. மட்டுமே. சி.எல்.ஏ. மாத்திரைகளை வைத்து நடந்த ஆய்வுகளிலோ நாளொன்றுக்கு 3 கிராம் அளவில் கொடுத்தார்கள். அம்மாத்திரைகளில் இருப்பதும் பாலில் மிகுதியாக உள்ள சி.எல்.ஏ. வகை மட்டுமன்று, வேறொரு வகையும் ஏறக்குறைய சம அளவில் கலந்திருக்கும். எனவே அந்த முடிவுகளைப் பாலுக்குப் பொருத்துவது, விளம்பரக்காரர்கள் எவ்வளவு விரும்பினாலும், முறையாகாது. ஆளிவிதைத் தீவனத்தால் நிறைவுற்ற கொழுப்பு ஓரளவு குறையும்; ஆயினும் பாற்கொழுப்பில் பாதிக்கு மேல் அதுவாகவே இருக்கும்.

தென்றல்:
மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளும் ஒரே திசையில் இல்லை. 2013இல் வெளியான இத்தாலிய ஆய்வில், இவ்வமிலங்கள் கூடிய செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டியை நாளுக்கு 90 கிராம் வீதம் மூன்று வாரம் உண்டவர்களுக்கு எல்.டி.எல். ஏறத்தாழ 7 விழுக்காடு குறைந்தது. 2006இல் வெளியான பிரிட்டன் ஆய்விலோ, சி.எல்.ஏ. கூடிய பால் பொருள்களை ஆறு வாரம் உண்ட நடுவயது ஆண்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. இரண்டிலும் ஒப்பிடப்பட்டது கொழுப்புள்ள சாதாரணப் பால் பொருளோடுதான்; கொழுப்பு நீக்கிய பாலோடு அன்று. உங்கள் தந்தை முழுப்பால் அருந்துபவராக இருந்திருந்தால் இதற்கு மாறுவதில் ஓரளவு பொருள் இருந்திருக்கும்.

நிலவன்:
மிக்க நன்றி. அப்படியானால் இதே பாலைக் கொழுப்பு நீக்கி வாங்கினால்?

அறிவன்:
அவ்வமிலங்கள் கொழுப்பில்தான் இருக்கின்றன. ஆடையோடு அவையும் போய்விடும், கூடுதல் விலை மட்டும் மிஞ்சும். ஒமேகா-3 தான் நோக்கம் என்றால், மாட்டுக்குக் கொடுக்கும் ஆளிவிதையை நாமே பொடித்து உண்ணலாம்: ஒரு மேசைக்கரண்டிப் பொடியில் சுமார் 1.6 கிராம் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் உண்டு. தந்தை இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவராயின், மருத்துவரிடம் ஒருமுறை கேட்டபின் தொடங்குங்கள்.