சாரங்கேடாவிலிருந்து பொள்ளாச்சிக்குக் குதிரை கொண்டுவர வேண்டும், எந்த வண்டியை நம்பி ஏற்றுவது?

தென்னந்தோப்பு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பரில் மகாராஷ்டிராவில் சாரங்கேடா சந்தைக்குப் போயிருந்தேன். தத்த ஜயந்தியை ஒட்டித் தபதி ஆற்றங்கரையில் நடக்கிற அந்தச் சந்தை இங்கே நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன், ஆனால் நான்கு வயது மார்வாரி பெட்டை ஒன்றைப் பார்த்ததும் அங்கிருந்து நகர முடியவில்லை. பல் பார்த்தாயிற்று, சுழி பார்த்தாயிற்று, விலையும் பேசி முன்பணம் கொடுத்துவிட்டேன். இப்போது விற்றவருடைய லாயத்தில்தான் நிற்கிறது.

இதுவரை நான் வாங்கியதெல்லாம் அந்தியூர் ஆடிச் சந்தையில். அங்கிருந்து ஒரு பிக்கப் வண்டி பிடித்தால் நாலு மணி நேரத்தில் வீடு வந்துவிடலாம். இது 1600 கிலோமீட்டருக்கு மேல். மூன்று பேரிடம் விசாரித்தேன்.

முதல் ஆள் தனி வண்டி, 14 அடி ஈச்சர் லாரி, கூட ஒரு ஆள் வருவார், நான்கு நாள் ஆகும், 78,000 ரூபாய் கேட்கிறார். இரண்டாவது ஆள் ஆறு குதிரைகளைச் சேர்த்து ஏற்றி வருகிறார், 28,000தான், எங்கேயும் நிறுத்தாமல் 40 மணி நேரத்தில் கோவையில் இறக்கிவிடுவேன் என்கிறார். மூன்றாவது நாசிக்கிலிருந்து வெங்காயம் ஏற்றி வருகிற லாரி டிரைவர், தெரிந்தவர், பின்பக்கம் இடம் ஒதுக்கித் தருகிறேன், 20,000 கொடுங்கள் போதும் என்கிறார்.

எனக்கு இரண்டாவது சரி என்று படுகிறது. சீக்கிரம் வந்துவிட்டால் குதிரைக்கும் கஷ்டம் குறைவுதானே? ஏற்றும்போது மிரளாமல் இருக்க ஊசி போட்டு அனுப்புகிறேன் என்று விற்றவர் சொல்கிறார், அதற்குச் சரி சொல்லலாமா? என்னென்ன காகிதம் வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஈரோட்டுக் குதிரைக்காரன்

தம்பி, அந்த 40 மணி நேரக் கணக்கை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். நான் அதே தப்பைச் செய்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ராஜஸ்தானில் புஷ்கர் சந்தையில் ஓர் ஆண் குட்டி வாங்கினேன், இரண்டு வயது, காது இரண்டும் உள்நோக்கி வளைந்து நுனி ஒன்றையொன்று தொடும். சேர்த்து ஏற்றுகிற வண்டியில்தான் கொண்டுவந்தேன். பெயர் சொல்ல விரும்பவில்லை, அந்த ஆள் நிறுத்தாமல் ஓட்டி வந்ததைப் பெருமையாகச் சொன்னார். பக்கத்துக் குதிரையைக் கடிக்காமல் இருப்பதற்காக எல்லாவற்றுக்கும் தலையை உயர்த்தி இரும்புக் கம்பியோடு கட்டியிருந்தார்கள். இறக்கும்போது குட்டி நன்றாகத்தான் இருந்தது, புல் தின்றது, கனைத்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்றாம் நாள் காலை தீனி தொடவில்லை, மூச்சு வேகமாக வாங்கியது, காய்ச்சல் 104. நுரையீரலைச் சுற்றி நீர் கோர்த்துவிட்டது என்றார் டாக்டர். ஐந்து வாரம் ஊசி, மருந்து, இரவெல்லாம் லாயத்திலேயே படுத்துக்கிடந்தேன். பிழைத்தது. ஆனால் இன்று வரைக்கும் கொஞ்ச தூரம் ஓடினால் நின்றுவிடுகிறது. மிச்சம் பிடித்த காசைப் போல மூன்று மடங்கு செலவாயிற்று, அதை விடுங்கள், அந்த உயிரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

குதிரை தலையைக் கீழே தொங்கவிட்டால்தான் மூச்சுக்குழாயில் சேருகிற சளியும் தூசியும் வெளியே வரும். உயர்த்திக் கட்டினால் எல்லாம் உள்ளேயே தங்கும், பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கிருமி பெருக ஆரம்பித்துவிடும். அதனால் வண்டிக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை அல்ல. தலையை எப்படிக் கட்டுவீர்கள், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி அவிழ்த்துத் தலையைக் கீழே விடுவீர்கள், இரவு எங்கே இறக்குவீர்கள். இதற்குப் பதில் தடுமாறினால் விட்டுவிடுங்கள்.

அவர் ஏற்கெனவே கொண்டுவந்து கொடுத்த இரண்டு பேருடைய எண்ணை வாங்கிப் பேசுங்கள். நல்லபடியாக வந்ததா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். வந்த மூன்றாம் நாள் எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

வெங்காய லாரி வேண்டவே வேண்டாம். மூட்டை சரிந்தால் குதிரைக்கு நகர இடம் கிடையாது. அதற்கு முந்தைய நடையில் அந்த வண்டி சிமெண்டோ உரமோ ஏற்றியிருந்தால் அந்தத் தூசியும் மூக்குக்குள்தான் போகும்.

கால்நடை டாக்டர், தர்மபுரி

மேலே சொன்னது முழுக்க உண்மை. காகிதம், ஊசி இரண்டையும் நான் சொல்கிறேன்.

முதலில் கிளாண்டர்ஸ் பரிசோதனை. இது குதிரையிலிருந்து மனிதனுக்கும் தொற்றுகிற நோய். 2009ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று, உறுதியானால் வைத்தியம் கிடையாது, குதிரையைக் கருணைக்கொலைதான் செய்வார்கள். ரத்தம் எடுத்துச் சீரத்தை ஹரியானா ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்துக்கோ அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கோ அனுப்பி, முடிவு கையில் வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். விற்பவர் வேறொரு குதிரையின் அறிக்கையைக் காட்டிவிடக் கூடாது, அதனால் நிறம், நெற்றி வெள்ளை, சுழி, மைக்ரோசிப் இருந்தால் அந்த எண், எல்லாம் அறிக்கையில் உள்ளபடி இருக்கிறதா என்று நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, பயணத்துக்குத் தகுதி என்ற மருத்துவச் சான்று. 1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகள் குதிரைகளுக்கு என்றே தனி அத்தியாயம் வைத்திருக்கின்றன. ஏற்றும் முன் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தர வேண்டும், அனுப்புபவர், பெறுபவர் முகவரி, கொடுத்தனுப்பும் தீனியின் அளவு எல்லாம் எழுதிய சீட்டு கூடவே போக வேண்டும். ஒவ்வொரு குதிரைக்கும் நடுவில் குறைந்தது 8 சென்டிமீட்டர் பருமனுள்ள மூங்கில் கழி கட்ட வேண்டும் என்பது வரைக்கும் அதில் இருக்கிறது. இவற்றோடு விற்பனை ரசீது. செக்போஸ்டில் நிறுத்தினால் டிரைவர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது, ஒரு பையில் அசல், உங்களிடம் நகல்.

ஊசி பற்றி. யார் போடுகிறார், என்ன மருந்து, எவ்வளவு என்று தெரியாமல் மயக்க ஊசி போட்டு வண்டியில் ஏற்றச் சம்மதிக்காதீர்கள். பொதுவாகப் போடுகிற மருந்துகள் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், கால் தள்ளாடும். ஓடுகிற வண்டியில் நிற்பதற்கே குதிரை ஒவ்வொரு நிமிடமும் கால்களால் சமாளித்துக்கொண்டிருக்கிறது, அந்தச் சக்தியைத்தான் நாம் பறிக்கிறோம். மிரளுகிற குதிரைக்கு மருந்து பழக்கம்தான். ஒரு வாரம் தினமும் நிற்கிற வண்டியில் ஏற்றி, உள்ளே தீனி வைத்து, இறக்கச் சொல்லுங்கள்.

ஒன்று விட்டுவிட்டீர்கள். பெட்டை சினையா? கேளுங்கள், ஸ்கேன் செய்தும் பாருங்கள். நிறைசினை என்றால் இந்தப் பயணமே வேண்டாம்.

தென்னந்தோப்பு

ரொம்ப நன்றி அண்ணா, நன்றி டாக்டர். விற்றவரிடம் பேசினேன், இணை சேர்க்கவில்லை என்கிறார், ஆனாலும் ஸ்கேன் பார்க்கச் சொல்லிவிட்டேன். ரத்தம் எடுத்து அனுப்பியாயிற்று. தனி வண்டி என்று முடிவு செய்துவிட்டேன், அந்த 78,000 ஆளிடம் என்னென்ன பேசி எழுதி வாங்க வேண்டும்? தண்ணீர் விஷயமும் பயமாக இருக்கிறது, அந்தியூரிலிருந்து வந்த குதிரையே முதல் நாள் எங்கள் போர் தண்ணீரைக் குடிக்கவில்லை.

ஸ்டியரிங் ஒசூர்

நான் ரேஸ் குதிரை வண்டி ஓட்டியவன், புனே, மும்பை, பெங்களூரு என்று பல வருடம். டிரைவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஓட்டுகிற ஆள் இரண்டு பேர் இருக்கிறார்களா என்று பாருங்கள். குதிரையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் தனி, அவரை மாற்று டிரைவராகக் கணக்குக் காட்டுவார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். குதிரை விழுவது பெரும்பாலும் பிரேக்கில்தான், வேகத்தில் அல்ல. புனே தாண்டி வருகிற கம்பட்கி காட் மலைப்பாதையில் இறங்கும்போதும் தொப்பூர் இறக்கத்திலும் சின்ன கியரில் உருட்டிக்கொண்டு வர வேண்டும். தொப்பூரை இரவில் தாண்டாதபடி நேரத்தை வகுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தூரம் குறைவு என்று சத்தியமங்கலம் வழியாகத் திம்பத்தில் இறக்குகிறேன் என்று சொன்னால் கூடாது என்று சொல்லிவிடுங்கள், 27 கொண்டை ஊசி வளைவிலும் அந்தக் குதிரை நின்றபடி ஆட வேண்டும்.

நான்கு நாள் சரியான கணக்கு. முதல் இரவு புனே பக்கம், இரண்டாவது ஹூப்ளி, மூன்றாவது தும்கூர் பக்கம், நான்காவது நாள் விடியற்காலை கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் உங்கள் தோப்பு. ஒவ்வொரு இரவும் கீழே இறக்கி நடக்கவிட்டுப் படுக்கவிட வேண்டும், வண்டியிலேயே நிற்கவைத்துவிட்டு இவர்கள் லாட்ஜில் தூங்குவது என்ற பேச்சே இருக்கக் கூடாது. பகலில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், அரை மணி, நிழலில்.

வண்டித் தரையில் ரப்பர் பாய், அதன் மேல் மணல், மேலே வைக்கோல். ஆணி, உடைந்த பலகை இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். தார்ப்பாய் மேலே மட்டும், பக்கங்களில் காற்று வர வேண்டும், ஆனால் புகைக்குழாய்ப் புகை உள்ளே அடிக்கக் கூடாது. மிக நெருக்கமாகத் தடுத்துவிட்டால் குதிரை காலை அகட்டி நிற்க முடியாது, அப்போதுதான் சாயும்.

தண்ணீருக்கு ஒரு வழி இருக்கிறது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே குடிதண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்துப் பழக்கச் சொல்லுங்கள், வழியெல்லாம் அதே வெல்லம் போட்டால் எந்த ஊர்த் தண்ணீராக இருந்தாலும் வாய் வைக்கும். முதல் நாளுக்கு அங்கிருந்தே இரண்டு கேன் கொண்டுவரட்டும். தானியத் தீனி வழியில் வேண்டாம், நனைத்த புல் போதும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, வயிற்றில் சிக்கினால் சிக்கியதுதான்.

எழுதி வாங்க வேண்டியது: எத்தனை நிறுத்தம், இரவுத் தங்கல் எந்த ஊரில், வண்டி பழுதானால் மாற்று வண்டி யார் செலவு, வழியில் டாக்டர் தேவைப்பட்டால் யார் செலவு, வேறு குதிரையையோ சரக்கையோ ஏற்ற மாட்டேன் என்பது. பணம் பாதி முன்னால், மீதி உங்கள் இடத்தில் குதிரை நான்கு காலில் இறங்கி நடந்த பிறகு. ஏற்றும் முன் நான்கு பக்கமும் வீடியோ. இன்ஷூரன்ஸ் எடுத்தால் பயணத்தில் நடப்பதும் அதில் சேருமா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், பல பாலிசிகளில் அது தனி.

ஈரோட்டுக் குதிரைக்காரன்

ஸ்டியரிங் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அங்கே தின்கிற தானியத்தில் ஒரு மூட்டை சேர்த்து வாங்கி வாருங்கள் தம்பி. வந்த அன்றே கொள்ளுக்கு மாற்றினால் வயிறு பிடித்துக்கொள்ளும், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். உங்கள் பழைய குதிரைகளிடமிருந்து மூன்று வாரம் தள்ளிக் கட்டுங்கள், வாளி, சேணம், தேய்க்கிற பிரஷ் எல்லாம் தனி. இறக்குவதற்கு வரப்பை ஒட்டி மண்மேடு போட்டு வையுங்கள், பலகைச் சாய்வு வழுக்கும்.

தென்னந்தோப்பு

எல்லோருக்கும் தகவல். கிளாண்டர்ஸ் இல்லை என்று முடிவு வந்தது, சினையும் இல்லை. நானே போய்க் கூட ஏறிக்கொண்டேன், மனசு கேட்கவில்லை. டிரைவர் முதலில் தலையை உயர்த்தித்தான் கட்டினார், எழுதியதைக் காட்டினேன், கயிற்றைத் தளர்த்திவிட்டார், அப்புறம் நான்கு நாளும் அவர் எதற்கும் தடை சொல்லவில்லை. புனேயில் இறங்கவே மாட்டேன் என்று முக்கால் மணி நேரம் அடம், யாரும் அடிக்கவில்லை, காத்திருந்தோம், தானாக இறங்கியது. ஹூப்ளியில் படுத்துத் தூங்கியது, அதைப் பார்த்த பிறகுதான் நான் சாப்பிட்டேன். இரண்டாம் நாள் மதியம் தண்ணீர் குறைவாகத்தான் குடித்தது, லத்தியும் காய்ந்திருந்தது, புல்லை இன்னும் நன்றாக நனைத்துக் கொடுத்ததும் மாலைக்குள் சரியானது.

நேற்று முன்தினம் இருட்டும் முன் தோப்புக்கு வந்துவிட்டோம். டாக்டர், காலையும் மாலையும் காய்ச்சல் பார்க்கிறேன், 100, 100.4, இன்று காலை 100.2. மூக்கில் சளி இல்லை, இருமல் இல்லை. நாளைதான் மூன்றாம் நாள். காலையில் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

கால்நடை டாக்டர், தர்மபுரி

101.5 தாண்டினால் எந்த நேரமானாலும் உள்ளூர் டாக்டரைக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று இருக்க வேண்டாம். ஒரு வாரம் வரைக்கும் இரண்டு வேளையும் பாருங்கள். ஏறி ஓட்டுவது இப்போது வேண்டாம், கையில் பிடித்து நடத்துங்கள், புல்லைத் தொட்டியில் உயர்த்தி வைக்காமல் தரையிலேயே போடுங்கள்.