மறு: எமுலேட்டருக்குப் ‘போலிப்பொறி’ வேண்டாமே

ஐயா, வணக்கம். எமுலேட்டருக்கு (ஒரு கணினியில் வேறொரு பொறி மாதிரி நடிக்கிற நிரலுக்கு) தமிழ்ச்சொல் தேடும் நம் மடலில் நீங்கள் எழுதியது:

> இலக்கணத்தில் ‘போலி’ இழிசொல் அல்ல. மயல் என்றாலும் மையல் என்றாலும் பொருள் ஒன்றே. எமுலேட்டரும் அப்படித்தானே? ‘போலிப்பொறி’யே இருக்கட்டும்.

இலக்கணம் சரிதான். ஆனால் பாரிமுனை நடைபாதையில் சார்ஜர் வாங்கி அது இரண்டே நாளில் செத்துப்போனவனிடம் போய்ப் ‘போலி’ என்று சொல்லிப் பாருங்கள், மயலும் மையலுமா அவனுக்கு நினைவு வரும்? (அவன் வேறு யாரும் இல்லை, நான்தான்.)

நேற்று அக்கா மகன் வண்ணாரப்பேட்டைக்கு வந்திருந்தான். லேப்டாப்பில் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் (படையாக இறங்கி வரும் வேற்றுக்கிரகப் பூச்சிகளைச் சுடுகிற பழைய வீடியோ விளையாட்டு) ஆடக் கிடைக்கும் இரண்டு தளங்களைத் திறந்து கொடுத்தேன். ஒன்றில் மொத்தப் படையும் ஒரே அடியாக நகர்ந்தது, வண்ணமெல்லாம் பளபளப்பு. இன்னொன்றில் பூச்சிகள் ஒவ்வொன்றாக, எறும்பு வரிசை நெளிகிற மாதிரி. “மாமா, இது ஹேங் ஆவுது” என்றான். ஹேங் இல்லை, அசலே அப்படித்தான். 1978ல் டைட்டோ நிறுவனத்துக்காக நிஷிகாடோ இதைச் செய்தபோது விளையாட்டுப் பெட்டிக்குள் இருந்தது இன்டெல் 8080 என்கிற சில்லு. திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும், ஒரு முறைக்கு ஒரு பூச்சியைத்தான் நகர்த்தும். ஆக 55 பூச்சியும் ஓரடி எடுத்துவைக்கக் கிட்டத்தட்ட ஒரு நொடி ஆகும். சுடச் சுட ஆள் குறையும், அதனால் மிச்சம் இருப்பதற்கு முறை சீக்கிரம் சீக்கிரம் வரும். கடைசிப் பூச்சி தலைதெறிக்க ஓடுவது இதனால்தான்.

இன்னொரு சோதனையும் உண்டு. 22 குண்டை எண்ணிச் சுட்டுவிட்டு, 23வது குண்டில் மேலே போகிற பறக்கும் தட்டை அடித்தால் 300 புள்ளி, அதற்குப் பிறகு ஒவ்வொரு 15வது குண்டுக்கும் அதே 300. பையன் விரல்விட்டு எண்ணி அடித்தான். நெளிகிற தளத்தில் 300 விழுந்தது, பளபளப்பில் இல்லை.

அப்போ பளபளப்பானதுதான் போலி. யாரோ பார்த்துப் பார்த்துப் புதிதாக எழுதியது. நெளிகிற தளத்தில் ஓடுவது 1978ன் அதே நிரல், ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதைச் சுற்றி 8080 மாதிரி நடிக்கிற ஒரு நிரல் இருக்கிறது, அவ்வளவுதான். நம்மிடம் இதற்குக் கதையே இருக்கிறதே, கூடு விட்டுக் கூடு பாய்வது. உயிர் பழையது, உடம்புதான் புதுசு. ‘கூடுபாய்வி’ என்று முதலில் நினைத்தேன், ஆனால் பாய்வது விளையாட்டு, எமுலேட்டர் அது போய் இறங்குகிற உடம்பு. அதனால் என் பரிந்துரை ‘மாற்றுக்கூடு’. ஆண்ட்ராய்டு மாற்றுக்கூடு, 8080 மாற்றுக்கூடு என்று சேர்த்தாலும் இடறவில்லை. ‘மெய்நிகர் பொறி’ என்று மடலில் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அது வெர்ச்சுவல் மெஷினுக்கு ஏற்கெனவே போய்விட்டது, அதை இழுத்தால் இரண்டும் குழம்பும்.

வினைச்சொல்தான் மாட்டவில்லை. மெனுவில் ‘கூடேற்று’ என்று போடலாமா என்று கேட்டதற்கு, பாடை ஏற்றுகிற மாதிரி இருக்கிறது என்று பையன் சிரிக்கிறான். வேறு எதாவது தோன்றினால் எழுதுங்கள்.