விபத்தை அறிவிக்கும் கருவி: வேகத்தடையில் அலறுகிறது, பலத்த அடிக்கு அசைவதில்லை

கேள்வி:
வணக்கம். இருசக்கர வாகனம் விபத்தில் சிக்கினால் வீட்டாருக்கு இருப்பிடத்துடன் குறுஞ்செய்தி அனுப்பும் கருவி ஒன்றை, இஎஸ்பி32 நுண்கட்டுப்படுத்தி, எம்பியூ6050 முடுக்கமானி, நியோ-6எம் ஜிபிஎஸ், குறுஞ்செய்தி அனுப்பும் சிம்800எல் தொகுதி ஆகியவற்றைக் கொண்டு அமைத்திருக்கிறேன். அதிர்வின் எல்லையை 2 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கு) என வைத்தால் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் விபத்து என்று அலறுகிறது. 4 ஜி என உயர்த்தினால், மேசையில் வைத்துச் சுத்தியலால் தட்டினாலும் அசைவதில்லை. எச்சரிக்கை எழும் நேரங்களிலும், செய்தி அனுப்பத் தொடங்கியவுடன் சிம்800எல் அணைந்து மீண்டும் தொடங்கிவிடுகிறது. இரவில் தனியாக வண்டி ஓட்டும் தம்பிக்காகச் செய்வதால் அரைகுறையாகப் பொருத்த மனம் வரவில்லை. அவசர உதவி மையத்துக்கே கருவி நேரடியாகச் செய்தி அனுப்பலாமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
4 ஜி எல்லையை உங்கள் கருவி ஒருபோதும் எட்டாது. எம்பியூ6050 இயங்கத் தொடங்கும்போது ±2 ஜி அளவீட்டு வீச்சில்தான் இருக்கும். மூன்று அச்சுகளும் உச்சத்தைத் தொட்டாலும் கூட்டு மதிப்பு ஏறத்தாழ 3.46 ஜியைத் தாண்டாது. தட்டும்போது மூல அளவீடு அதன் உச்ச எண்ணான 32767-இல் முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், வீச்சை ±16 ஜிக்கு மாற்றி, மூல அளவீட்டை ஜியாக மாற்ற 16384-க்குப் பதிலாக 2048-ஆல் வகுங்கள்.

ஆனாலும் அதிர்வை மட்டும் நம்ப வேண்டாம். பள்ளத்தில் இறங்கிய வண்டி அடுத்த நொடியிலும் நிமிர்ந்து ஓடிக்கொண்டிருக்கும்; விபத்தில் சிக்கியதோ வேகம் இழந்து சாய்ந்து கிடக்கும். ஆகவே அதிர்வுக்குப் பின் ஜிபிஎஸ் காட்டும் வேகம் பூச்சியத்தை நெருங்கி, வண்டி 60 பாகைக்கு மேல் சாய்ந்து சில நொடிகள் அப்படியே கிடந்தால் மட்டும் ஒலிப்பானை இயக்குங்கள். மோதிய பின்னும் எதிலாவது சாய்ந்து நிமிர்ந்தே நிற்கும் வண்டிகள் உண்டு என்பதால், அதிர்வு மிகக் கடுமையாக இருந்து வேகமும் அறுந்துவிட்டால் சாய்வைப் பார்க்கவே வேண்டாம். நலமாக இருப்பவர் பொத்தானை அழுத்தி நிறுத்திக்கொள்ளட்டும். யாரும் அழுத்தாவிட்டால் செய்தி போயே தீர வேண்டும்.

மறுமொழி 2:
சிம்800எல் அணைவதற்குக் காரணம் மின்சாரம் போதாமை. அதற்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வேண்டும். செய்தி அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். தனி லித்தியம் பேட்டரி கொடுத்து, முனைகளை ஒட்டி 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வையுங்கள். மோதலில் வண்டியின் வயர் அறுந்தாலும் கருவி இயங்க வேண்டுமென்றால் தனி பேட்டரி எப்படியும் தேவை.

மையத்துக்கு நேரடியாக அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31 முதல் புதிய கார் மாதிரிகளுக்குக் கட்டாயமான இகால் என்னும் தானியங்கி விபத்து அழைப்பு முறை, 140 பைட்டுக்குள் இருப்பிடத்தையும் நேரத்தையும் அனுப்புவதோடு 112-க்குக் குரல் அழைப்பையும் திறக்கிறது. அதைப் பெற்றுக்கொள்ள மையத்திலும் ஏற்பாடு உண்டு. உங்கள் குறுஞ்செய்திக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. வீட்டாரில் இரண்டு மூன்று பேருக்கு வரைபட இணைப்புடன் அனுப்புங்கள். அவர்கள் மையத்தை அழைக்கட்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அளவீடு 32767-இல்தான் நின்றது. வீச்சை மாற்றியபின் வேகத்தடைகளில் அமைதியாக இருக்கிறது, செய்தியும் தடையின்றிச் செல்கிறது. கட்டடத்திலிருந்து வெளியே வந்தவுடன் சோதித்தால் மட்டும் இருப்பிடம் 0,0 என்று போகிறது.

மறுமொழி 2:
புதிதாகத் தொடங்கும் ஜிபிஎஸ், திறந்த வானத்தின் கீழும் செயற்கைக்கோள்களைப் பிடிக்க அரை நிமிடம் எடுத்துக்கொள்ளும். ஜிபிஎஸ் அனுப்பும் ஆர்எம்சி என்ற தரவு வரியில், இருப்பிடம் செல்லும் என்பதைக் காட்டும் ‘ஏ’ என்ற குறி இருந்தால் மட்டும் இருப்பிடத்தை ஏற்றுச் சேமியுங்கள். செல்லாது என்பதைக் காட்டும் ‘வி’ என்றிருந்தால், கடைசியாகச் சேமித்ததை அதன் நேரத்துடன் உடனே அனுப்பிவிட்டு, புதியது கிடைத்ததும் இரண்டாவது செய்தியை அனுப்பச் செய்யுங்கள்.