உகாண்டா மிஷன் மருத்துவமனையில் ஆறு மாத சேவை: குழந்தைகள் வார்டுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி (குட்டி_வார்டு):
எம்.டி. குழந்தைகள் நலம் முடித்திருக்கிறேன். வட உகாண்டாவில் குலு பக்கம் லாச்சோர் புனித மரியா மருத்துவமனை போன்ற கத்தோலிக்க மருத்துவமனை ஒன்றில் ஆறு மாதம் சேவை செய்ய விருப்பம். பேப்பர் வேலை என்னென்ன? வார்டில் நம் ஊர்ப் பழக்கத்தில் எதை மாற்ற வேண்டும்?

பதில் (கம்பாலா_வழி):
மருத்துவமனையின் அழைப்புக் கடிதம் கைக்கு வராமல் டிக்கெட் போடாதீங்க. சம்பளம் வாங்காவிட்டாலும் உகாண்டா மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வேண்டும். அதற்கு நம் கவுன்சிலின் குட் ஸ்டாண்டிங் சான்றிதழ் (நம் மேல் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்பதற்கானது) கேட்பார்கள். பழையது செல்லாது, புதிதாக வாங்குங்கள். டூரிஸ்ட் விசாவில் போய் வார்டில் நிற்பது தப்பு, மாட்டிக்கொள்வது மருத்துவமனைதான்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடலாம். 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். திரும்பி இந்தியாவில் இறங்கும்போதும் அதைக் கேட்பார்கள். மலேரியாவுக்கு டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினமும், ஊர் திரும்பியும் 4 வாரம் விடாதீங்க. வீட்டுக்கு வந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள், காய்ச்சல் அப்போதுதான் வருகிறது.

பதில் (நைட்_டியூட்டி):
வார்டில் முதலில் கை பழக வேண்டியது கடும் மலேரியாவுக்கான ஆர்ட்டிசுனேட் ஊசி. 60 மி.கி. குப்பியில் கூடவே வரும் 1 மி.லி. பைகார்பனேட்டை விட்டுக் குலுக்குங்கள். முதலில் கலங்கும், பிறகு தெளியும். தெளியாவிட்டால் தூக்கிப் போடுங்கள். நரம்பில் போட 5 மி.லி. சலைன் சேர்த்தால் மி.லி.க்கு 10 மி.கி.; தசையில் போட 2 மி.லி. சேர்த்தால் 20 மி.கி. இந்த இரண்டையும் குழப்பினால் டோஸ் இரட்டிப்பாகும், அல்லது பாதியாகும். 20 கிலோவுக்குக் கீழே கிலோவுக்கு 3 மி.கி., அதற்கு மேல் 2.4. ஆக, 12 கிலோ குழந்தைக்கு 36 மி.கி.: நரம்பில் 3.6 மி.லி., தசையில் 1.8. 0, 12, 24 மணி, பிறகு தினம் ஒன்று. மீதியை அடுத்த டோஸுக்கு எடுத்து வைக்கவே கூடாது, ஒரு மணி நேரத்தில் வீண். குழந்தை வாயால் சாப்பிடத் தொடங்கியதும் 3 நாள் மலேரியா மாத்திரைக் கோர்ஸ் முழுசாக.

வலிப்போ மயக்கமோ என்றால் உடனே சர்க்கரை பாருங்கள். குறைந்திருந்தால் 10% டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) நரம்பில் கிலோவுக்கு 5 மி.லி. 50% மட்டும்தான் இருக்கிறதென்றால் 10 மி.லி.யுடன் 40 மி.லி. ஊசி நீர் கலந்தால் 10% ஆகிவிடும்.

மிக முக்கியமாக, கை கால் சில்லிட்டு வரும் காய்ச்சல் குழந்தைக்குச் சலைன் போலஸ் (ஒரேயடியாக வேகமாக ஏற்றுவது) ஓட்டும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். இப்படிப்பட்ட ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் போலஸைச் சோதித்து 2011இல் வெளியான ஃபீஸ்ட் ஆய்வில் லாச்சோரும் ஓர் இடம். 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் போலஸ் கொடுத்த குழுக்களில் 10 சதவீதத்துக்கும் மேல், கொடுக்காத குழுவில் 7.3.

குட்டி_வார்டு:
பேதியில் வற்றிப்போன குழந்தைக்குமா?

நைட்_டியூட்டி:
இல்லை. பேதிக் குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. கடும் வறட்சிக்கு வழக்கம்போல ரிங்கர் லாக்டேட் (நரம்பில் ஏற்றும் உப்புக் கரைசல்) கிலோவுக்கு 100 மி.லி.; ஒரு வயதுக்குக் கீழே 6 மணி நேரத்தில், மேலே 3 மணி நேரத்தில். கடும் ஊட்டச்சத்துக் குறைவு இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, இதயம் தாங்காது.

பதில் (லேபர்_ரூம்):
பிரசவ அறைக்கும் கூப்பிடுவார்கள். கத்தோலிக்க மருத்துவமனையில் சிசேரியனோடு குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்ய மாட்டார்கள். தாய் கேட்டால் எங்கே அனுப்புவது என்பதை முதல் வாரமே மேட்ரனிடம் (தலைமை நர்ஸ்) கேட்டு வையுங்கள், ஆபரேஷன் மேஜையில் வைத்துத் தகராறு வேண்டாம். ஊசி குத்திக்கொண்டால் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணிக்குள், முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே தொடங்கி 28 நாள் போட வேண்டும். அது எந்த அலமாரியில், சாவி யாரிடம் என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.