இருமல் வரவில்லை என்றால் பாஸா? விழுங்குதல் சோதனை அனுபவங்கள்

ஸ்பீச் தெரபிஸ்ட், மதுரை:
பக்கவாத வார்டில் விழுங்குதல் சோதனை செய்கிறவர்களும் நோயாளியின் வீட்டாரும் இங்கே இருக்கிறீர்கள். ஒரே நோயாளியைப் பார்த்த இரண்டு பேர் வேறு வேறு முடிவு சொன்ன அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

நான் ஆரம்பிக்கிறேன். கழுத்தில் விரல் வைத்து, விழுங்கும்போது குரல்வளை எவ்வளவு மேலேறுகிறது என்று பார்ப்போம். நானும் ஒரு ஜூனியரும் ஒரு பெரியவரை அடுத்தடுத்துப் பார்த்தோம். நான் ‘குறைவு’ என்று எழுதினேன், அவர் ‘நார்மல்’ என்று எழுதியிருந்தார். தண்ணீர் குடித்த பிறகு இருமினாரா என்பதில் மட்டும் சண்டையே வரவில்லை. தொண்டையைக் குச்சியால் தொட்டுக் குமட்டல் வருகிறதா என்று பார்த்து முடிவெடுப்பதை நான் விட்டேவிட்டேன். ஆரோக்கியமானவர்களிலேயே நிறையப் பேருக்கு அது வராது. அவர்கள் பாட்டுக்குப் பிரியாணி சாப்பிடுகிறார்கள்.

அப்பாவைப் பார்த்துக்கொள்பவள்:
எங்களுக்கு நடந்ததும் இதுதான் மேடம். காலையில் வந்தவர் கஞ்சி கொடுத்துப் பார்த்துவிட்டு, கெட்டியாக இருந்தால் வாய்வழியே கொடுக்கலாம் என்றார். சாயங்காலம் வந்தவர், வேண்டாம், மூக்கு டியூபே இருக்கட்டும் என்கிறார். இரண்டு வேளையும் அம்மா கொண்டுவந்த அதே தூக்கிலிருந்துதான் கொடுத்தோம். யார் பேச்சைக் கேட்பது?

ஸ்டாஃப் நர்ஸ், நியூரோ வார்டு:
அக்கா, முதலில் அந்தக் கஞ்சியைப் பாருங்கள். மதியம் ஊட்டிய கரண்டியையே திரும்பத் திரும்பத் தூக்கில் போட்டீர்களா? எச்சில் பட்டால் மாவுச்சத்து கரைந்து கஞ்சி நீர்த்துவிடும். காலையில் கொடுத்ததும் சாயங்காலம் கொடுத்ததும் ஒரே கஞ்சியாக இருந்திருக்காது. எங்கள் வார்டில் ஐடிடிஎஸ்ஐ (உணவின் கெட்டியை நிலை நிலையாகப் பிரிக்கும் சர்வதேச அளவுமுறை) சிரிஞ்ச் முறையில்தான் பார்ப்போம். அதற்குரிய 10 மி.லி. சிரிஞ்சில் பிஸ்டனை உருவிவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 மி.லி. நிரப்பி, 10 விநாடி திறந்துவிட வேண்டும். 4 முதல் 8 வரை மிஞ்சினால் இரண்டாம் நிலை, 8க்கு மேல் மிஞ்சினால் மூன்றாம் நிலை. ‘கொஞ்சம் கெட்டியா’ என்று வாயால் சொன்னால் ஆளுக்கொரு கெட்டி வரும்.

என் அனுபவம் வேறு மாதிரி. ஒரு அம்மாவுக்கு ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் கொடுத்தோம். இருமல் இல்லை, குரலும் கரகரக்கவில்லை. பாஸ் என்று எழுதியாயிற்று. அப்புறம் காய்ச்சல் வந்து, மூக்கு வழியாகக் கேமரா விட்டு விழுங்குவதை நேரடியாகப் பார்க்கும் ‘ஃபீஸ்’ (FEES) சோதனை செய்தார்கள். விழுங்கி முடித்ததும் திரையில் பார்த்தால், பச்சைச் சாயம் கலந்த பால் குரல்நாண்களுக்குக் கீழே, மூச்சுக்குழாய்க்குள் இறங்கிக் கிடக்கிறது. அந்த அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்போம். பாவம், அவரை யாருமே நினைக்கவில்லை போல.

ஸ்பீச் தெரபிஸ்ட், மதுரை:
இருமாமலே உள்ளே இறங்குவதை ஸ்பூன் தண்ணீரில் பிடிப்பது கஷ்டம். அதனால்தான் 90 மி.லி. தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் சொல்லும் சோதனை வந்தது. 2008இல் சூட்டர், லீடர் என்ற ஆய்வாளர்கள் 3000 நோயாளிகளிடம் அதை ஃபீஸோடு ஒப்பிட்டார்கள். உள்ளே இறங்கியவர்களில் 96.5 சதவீதம் பேரை அது பிடித்துவிட்டது. ஆனால் எதுவும் இறங்காதவர்களில் 48.7 சதவீதம் பேர்தான் பாஸ். மீதிப் பாதிப்பேர் சும்மா ஃபெயில். பாஸானால் பெரும்பாலும் நம்பலாம். ஃபெயிலானால் உடனே டியூப் என்று அர்த்தமில்லை, கேமராவோ பேரியம் எக்ஸ்ரே வீடியோவோ பார்க்க வேண்டும் என்று அர்த்தம். இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனை பேர் டியூபோடு வீட்டுக்குப் போகிறார்களோ! (தூங்கி வழிகிறவருக்கு இந்தச் சோதனை கூடாது. வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்கவும் வேண்டாம்.)

வீடியோ எடுத்தாலும் மதிப்பெண் போடுவது மனிதர்தான். ரோசன்பெக் குழுவினர் 1996இல் கொண்டுவந்த 8 புள்ளி அளவுகோல், மூச்சுப்பாதையில் எவ்வளவு தூரம் இறங்கியது, வெளியேற்ற முயன்றாரா என்று பார்க்கும். அதில் சிஸ்டர் சொன்ன அந்த அம்மாவுக்கு 8, அதுதான் மிக மோசம். அதே வீடியோவுக்கு ஒருவர் 6, இன்னொருவர் 7 போடுவதும் உண்டு. ஆனால் வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்துச் சண்டை போடலாம், விரலில் உணர்ந்ததை வைத்து அது முடியாது.

அப்பா விஷயத்தில் இரண்டு பேரிடமும் எழுதி வாங்குங்கள்: எந்த நிலைக் கஞ்சி, எவ்வளவு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாரா, முழு விழிப்பில் இருந்தாரா. சாயங்காலம் களைத்துப் போயிருந்தால் விழுங்குவதும் மாறும். முடிந்தால் இருவரையும் ஒரே வேளையில், ஒரே கஞ்சியோடு பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் ஒத்துவராவிட்டால் ஃபீஸ் கேளுங்கள்.