எம்எம் காட்ரிட்ஜுக்குத் தனி ஃபோனோ ப்ரீஆம்ப் வாங்கலாமா?

சைடு பி:
என் டர்ன்டேபிளில் (ரெக்கார்டு பிளேயர்) இருப்பது ஏடி-விஎம்95இ. எம்எம், அதாவது மூவிங் மேக்னட் வகைக் காட்ரிட்ஜ் (ஊசி செருகும் தலை). பின்னால் ஃபோனோ/லைன் ஸ்விட்ச் உண்டு. இத்தனை நாள் லைனில் வைத்து, உள்ளே இருக்கிற ப்ரீஆம்ப் (ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்) வழியாகவே பவர்டு ஸ்பீக்கரில் கேட்டு வருகிறேன். பெண் குரலில் ‘ஸ’ வரும் இடமெல்லாம் சீறுகிறது, காது கூசுகிறது. கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. தனி ப்ரீஆம்ப் வாங்கலாமா? வால்வு (பழைய கண்ணாடிக் குழாய்) போட்டதா, ஐசி (சிப்) போட்டதா?

வால்வு பிரியன்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது, வாங்குங்கள். காட்ரிட்ஜ் கொடுப்பது வெறும் 4 மில்லிவோல்ட். அதை நூறு மடங்கு, அதாவது 40 டெசிபெல், பெருக்கினால்தான் லைன் அளவுக்கு, அதாவது ஸ்பீக்கர் எதிர்பார்க்கும் அளவுக்கு வரும். அவ்வளவு மெல்லிய சிக்னலை மோட்டாருக்குப் பக்கத்தில் கிடக்கும் ஒரு துண்டு போர்டிடம் ஒப்படைத்தால் சீறாமல் என்ன செய்யும்? 12ஏஎக்ஸ்7 வால்வு போட்ட பெட்டி ஒன்று வையுங்கள், குரல் கனிந்து வரும். நான் மாற்றிய அன்று ராத்திரி தூங்கவே இல்லை.

சாலிடர் புகை:
தூங்காததற்கு 50 ஹெர்ட்ஸ் ஹம் (கரண்ட் இரைச்சல்) காரணமாக இருக்கும் :)

ஐசி என்றால் அவ்வளவு இளக்காரமா? 80-களிலிருந்து ஸ்டுடியோ மிக்சர்களில் என்இ5532 என்ற ஐசி கொட்டிக் கிடந்தது. நீங்கள் உருகி உருகிக் கேட்கிற ரெக்கார்டுகளில் எத்தனையோ அதற்குள் புகுந்து வந்தவைதான்.

சைடு பி, வாங்குவதற்கு முன் கெப்பாசிட்டன்ஸை (மின்தேக்குத் திறன்) பாருங்கள். விஎம்95இ காயிலின் இண்டக்டன்ஸ் (மின்தூண்டல்) 550 மில்லிஹென்றி. அதோடு கேபிளிலும் ப்ரீஆம்ப் வாசலிலும் இருக்கிற கெப்பாசிட்டன்ஸ் சேர்ந்தால் ஒரு ரெசனன்ஸ் உண்டாகும், அதாவது ஓர் அதிர்வெண் மட்டும் தூக்கலாகும். மொத்தம் 200 பிகோஃபாரட் என்றால் அது 15 கிலோஹெர்ட்ஸ் பக்கம் நிற்கும், தொல்லை இல்லை. 400 ஆனால் 10.7-க்கு இறங்கிவிடும். அங்கே மேடு தட்டினால் ‘ஸ’ குத்தத்தான் செய்யும். காட்ரிட்ஜ் செய்தவர்களே 100 முதல் 200 வரை என்றுதான் சொல்கிறார்கள். ஆர்ம் வயரும் கேபிளும் சேர்ந்து 150, ப்ரீஆம்புக்குள் 220 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏற்கெனவே 370. அதனால் வாசலில் 47 கிலோஓம் தடை, 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் போட்ட சாதாரணப் பெட்டியே போதும். கேபிள் ஒரு மீட்டருக்கு மேல் வேண்டாம்.

வால்வு பிரியன்:
கால்குலேட்டரை வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான்.

சாலிடர் புகை:
அப்படியானால் உங்கள் பெட்டியின் கணக்கையும் பார்த்துவிடலாம். 12ஏஎக்ஸ்7-இல் சிக்னல் நுழையும் கிரிட்டுக்கும் வெளியேறும் பிளேட்டுக்கும் நடுவே 1.6 பிகோஃபாரட்தான். ஆனால் அந்த ஸ்டேஜ் 60 மடங்கு பெருக்கினால், மில்லர் விளைவால் (பெருக்கத்தோடு சேர்ந்து உள்ளே இருக்கும் கெப்பாசிட்டன்ஸும் பெருகித் தெரிவது) அதுவே காட்ரிட்ஜுக்கு 100 போலத் தெரியும். உங்கள் ‘கனிவு’ எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை அளந்து பாருங்கள்.

வால்வு பிரியன்:
100 இருந்தால் இருக்கட்டும், நீங்கள் சொன்ன சாதாரணப் பெட்டியிலும் அதே 100தானே? நீங்கள் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் வீட்டு எல்பிகள் அப்பா வாங்கியவை, கீறல் இல்லாத பக்கமே கிடையாது. கீறலில் ஊசி ஏறும்போது வருகிற ‘டப்’ பாட்டைவிடப் பல மடங்கு பெரியது. 9 வோல்ட் அடாப்டரில் ஓடுகிற மலிவுப் பெட்டியில் அதற்கு இடம் இல்லை, முட்டி நசுங்கும். இருநூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும் வால்வுக்கு அது தூசு.

சாலிடர் புகை:
ஹெட்ரூம் (பெரிய சிக்னலை நசுக்காமல் தாங்கும் இடம்) விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ப்ளஸ் மைனஸ் 15 வோல்ட்டில் ஓடுகிற ஐசி பெட்டியிலும் அது கிடைக்கும்.

பழைய ரேடியோ:
இரண்டு பேரும் சண்டையை நிறுத்துங்கள். நோயாளியிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லையே! தம்பி, சீறல் எல்லாப் பாட்டிலும் உண்டா, கடைசிப் பாட்டில் மட்டுமா? எல்பியின் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் பள்ளம் நொடிக்கு 50 சென்டிமீட்டர் போல ஓடும். லேபிளை நெருங்கும்போது 21தான். அதே ‘ஸ’ பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கும். உங்களிடம் இருக்கிற எலிப்டிக்கல் (நீள்வட்ட முனை) ஊசி அதைச் சரியாகப் படிக்காது. ஒரே ரெக்கார்டில் முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

சைடு பி:
கேட்டேன் சார், நான்கு எல்பி. முதல் பாட்டு சுத்தமாக இருக்கிறது. மூன்றாவதில் தொடங்குகிறது, கடைசியில் தாங்க முடியவில்லை.

பழைய ரேடியோ:
அப்படியானால் உங்கள் ப்ரீஆம்பின் மேல் குற்றமில்லை. முதலில் ஓவர்ஹேங்கை (நடு அச்சைத் தாண்டி ஊசி நீளும் தூரம்) புரொட்ராக்டரில் (அளவு அட்டை) வைத்துப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலே இந்தக் கூத்து நடக்கும். அது சரியாக இருந்தால் ஊசியை மட்டும் மாற்றுங்கள். விஎம்95 வரிசையில் உடல் ஒன்றுதான். பழைய ஊசியை இழுத்துவிட்டு மைக்ரோலீனியர் (இன்னும் நுண்ணிய முனை) ஊசியைச் செருகினால் போதும், ஸ்க்ரூவைக்கூடத் தொட வேண்டாம்.

சாலிடர் புகை:
ஆமாம். கெப்பாசிட்டன்ஸ் என்றால் முதல் பாட்டிலிருந்தே குத்தியிருக்கும். என் கணக்கு சரி, கேஸ்தான் வேறு.

சைடு பி:
ஓவர்ஹேங் சரியாகத்தான் இருக்கிறது. மைக்ரோலீனியர் ஊசிக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். நன்றி.

வால்வு பிரியன்:
மீதிப் பணத்தைச் செலவழித்துவிடாதீர்கள். ஆறு மாதத்தில் 12ஏஎக்ஸ்7 பற்றிக் கேட்க இங்கேதான் வருவீர்கள்.