சீடி 125 காலமையில ஸ்டார்ட் எடுக்குதில்லை, ஆராவது உதவுங்கோ

இரட்டைச்சிலிண்டர் (திருக்கடலூர், திருகோணமலை):

எல்லாருக்கும் வணக்கம். வண்டி ஹொண்டா சீடி 125 பென்லி, அப்பா வைச்சிருந்தது. ரெண்டு சிலிண்டர், ரெண்டு பிளக், ஒரு காபரேட்டர். 2020இல வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு மூண்டு பேர் விலைக்குக் கேட்டவை, குடுக்கேல்ல.

ஒன்பது நாளாக் காலமையில முப்பது நாப்பது கிக் அடிச்சாலும் எடுக்குதில்லை. பத்து மணிக்கு வெயில் ஏறினாப் பிறகு ரெண்டாம் கிக்கில எடுக்கும். அதுக்குப் பிறகு இரவு வரைக்கும் ஒரு குறையும் இல்லை, ஓர்ஸ்ஹில் ஏத்தத்தையும் டொப் கியரில இழுக்கும்.

செய்து பாத்தது: ரெண்டு பிளக்கும் புதுசு, இடைவெளி 0.7 மில்லிமீற்றர். ராங்கி பெற்றோலை முழுக்க வடிச்சுப் புதுசு விட்டன். காபரேட்டரைக் கழட்டி ஜெட் எல்லாம் ஊதினன். மனுசி தாய் வீட்டை போயிருக்கிறதால குசினி மேசையில வைச்சுக் கழட்டக்கூடியதாய் இருந்தது, ஒரு ஸ்குரூ கூடத் தவறேல்ல. ஒயில் போன மாசம் 14ந் திகதி மாத்தினது.

ராவில நித்திரை இல்லை. சோறும் இறங்குதில்லை. ஆராவது சொல்லுங்கோ.

கிண்ணியா பாஸ்:

தம்பி, காபரேட்டரத் தொடாதீங்க. சூடு ஏறினா எடுக்குது எண்டா பிழை பெற்றோல்லதான் எண்டு இல்ல. மொதல்ல கரண்ட் பாருங்க. விடியக்காலம் இருட்டுக்குள்ள லைட் எல்லாத்தையும் நூத்துட்டு, ஒருத்தர கிக் அடிக்கச் சொல்லிட்டு பிளக் மூடியப் பாருங்க. மூடியச் சுத்தி நீலமாப் பொறி பறந்தா கரண்ட் வெளியால ஒழுகுது. பிளக்குக்குப் போய்ச் சேரல்ல.

இரட்டைச்சிலிண்டர்:

நன்றி பாஸ். ஆனா கிக் அடிக்க வீட்டில வேற ஆள் இல்லை.

உப்புவெளி மருமகள்:

தம்பி, குறை நினைக்காதேங்கோ. மனுசி போய் எத்தினை நாள்?

இரட்டைச்சிலிண்டர்:

அதுவும் ஒன்பது நாள்தான் அக்கா. அவ புதன் பின்னேரம் நிலாவெளிக்குப் போனவ, வண்டி வியாழன் காலமை கரைச்சல் குடுக்கத் தொடங்கினது. ஆனா அவ வண்டியில கை வைக்கிறதே இல்லை. அதால ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

ஓர்ஸ்ஹில் வாத்தி:

ஒயில் மாத்தின திகதி சொன்னீர். கலியாணம் கட்டின திகதியையும் ஒருக்காச் சொல்லும் பாப்பம்.

இரட்டைச்சிலிண்டர்:

ஆவணி சேர். வண்டியின்ர வருமான லைசன்ஸ் புதுப்பிச்ச அதே கிழமை.

உப்புவெளி மருமகள்:

சேர், அவரை விடுங்கோ, எங்கட வீட்டிலயும் ஒண்டு இருக்கு. 2022இல பெற்றோல் கியூவில ரெண்டு இரவு, தலகாணியும் கொண்டுபோய் வண்டிக்குப் பக்கத்தில றோட்டில படுத்த மனிசன். கிழமைக்கு 4 லீற்றர் எண்டு பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்த உடன அதை லமினேட் பண்ணிப் பேர்சுக்குள்ள வைச்சார். இண்டைக்கும் இருக்கு. பிள்ளையின்ர படம் வைக்க இடம் இல்லையாம். எனக்குப் பிரசவ வலி வந்த இரவு ஆஸ்பத்திரி வாங்கிலில இருக்க முதுகு நோகுது எண்டு வீட்டை வந்து படுத்தவரும் இவர்தான்.

கந்தளாய்த் தம்பி:

அக்கா, அண்ணையின்ர வண்டி என்ன மொடல்?

உப்புவெளி மருமகள்:

இந்தா, இன்னொண்டு வந்திட்டுது.

கிண்ணியா பாஸ்:

மத்தக் கதைய விடுங்க. தம்பி, ராவைக்கு வண்டிய எங்க விடுற? எதால மூடுற?

இரட்டைச்சிலிண்டர்:

முத்தத்தில, மாமரத்துக்குக் கீழ, வெறும் மண்ணில. படலையில நிண்டால் கடல் தெரியும், அவ்வளவு கிட்ட. புதுப் பிளாஸ்டிக் கவர் ஒண்டு என்.சி. வீதியில வாங்கினன், நிலம் வரைக்கும் இழுத்துக் கட்டலாம். ஒரு துளி மழை உள்ளுக்குப் போகாது.

கிண்ணியா பாஸ்:

எப்ப வாங்கின?

இரட்டைச்சிலிண்டர்:

புதன் பின்னேரம்.

ஓர்ஸ்ஹில் வாத்தி:

அதுக்கு முதல் எதால மூடினீர்?

இரட்டைச்சிலிண்டர்:

ஒரு சீலையால.

உப்புவெளி மருமகள்:

ஆற்றை சீலை?

(மூண்டு மணித்தியாலம் கழிச்சு)

இரட்டைச்சிலிண்டர்:

அலுமாரிக்கு அடியில பழைய நூல் சீலை ஒண்டு மடிச்சுக் கிடந்தது. கைத்தறி, நல்ல மொத்தம், காத்தும் போகும், வண்டிக்கு எண்டே நெய்த மாதிரி அளவு. அது அவவின்ர அம்மம்மாவின்ர எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? ரெண்டு மாசம்தான் மூடினது. முந்தானைப் பக்கம் கொஞ்சம் ஒயில் பிடிச்சிட்டுது. அலுமாரியடியில சீலையைக் காணேல்ல எண்டு அவ தேடி முத்தத்துக்கு வந்தா. ஒண்டும் கதைக்கேல்ல. சீலையை உருவினா, மடிச்சா, பையில வைச்சா, பஸ் ஏறினா. ராவைக்கு வண்டி நனையுமே எண்டு நான் கடைக்கு ஓடினன்.

ஓர்ஸ்ஹில் வாத்தி:

மனுசி பஸ் ஏற, இவர் கவர் வாங்க ஓடியிருக்கிறார்.

கிண்ணியா பாஸ்:

புடிச்சாச்சு. தம்பி, நீங்க சூடான எஞ்சினக் கொண்டாந்து நிப்பாட்டின உடன பிளாஸ்டிக்கால கட்டுறீங்க. கீழ ஈர மண். வாடைக்காலம் வேற. மண்ணில இருந்து ஆவி எழும்பி வெளியால போக வழி இல்லாம கவருக்குள்ள நிக்கும், விடியக்குள்ள எஞ்சின் ஆறினா எல்லாம் தண்ணியாப் படியும். கடக்கரை வண்டியில ஏற்கனவே உப்புப் படிஞ்சிருக்கும், உப்புத்தண்ணியில கரண்ட் ஓடும். பிளக் மூடி நனைஞ்சா பொறி எஞ்சின்ட வெளி உலோகத்துல எறங்கிரும். பத்து மணி வெயிலுக்குக் காயுது, எடுக்குது. சீலை எண்டா காத்துப் போகும், தண்ணி நிக்காது.

ரெண்டு மூடியையும் திருகிக் கழட்டுங்க. வயர் நுனியில செம்பு பச்சை புடிச்சிருந்தா கால் அங்குலம் வெட்டிட்டுத் திருப்பி முறுக்குங்க. மூடிக்குள்ள சிலிக்கன் கிரீஸ் கொஞ்சம். அடியில பலகை போடுங்க. எஞ்சின் ஆறினாப் பொறகு துணியால மூடுங்க. உங்கட துணியால.

இரட்டைச்சிலிண்டர்:

முதல் கிக்!!! பாஸ், கண் கலங்கிட்டுது. இடது பக்க வயர் நல்ல பச்சை. ரெண்டு மூடிக்கும் கிரீஸ் போட்டன். என்ர ரெண்டு சாரத்தை மூட்டி மூடினன். இண்டைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டன். பிரச்சினை தீந்துது, இழையைப் பூட்டலாம்.

உப்புவெளி மருமகள்:

ஆர் சொன்னது தீந்துது எண்டு?

இரட்டைச்சிலிண்டர்:

ஓம் அக்கா, அதுவும் இருக்கு. சீலையில பிடிச்ச ஒயிலைப் பெற்றோலில ஊறவைச்சால் போகுமே? செயின் கழுவேக்க நல்லாப் போகும்.

உப்புவெளி மருமகள்:

ஐயோ தம்பி, அந்தச் சீலையைப் பெற்றோலுக்குக் கிட்டவும் கொண்டுபோகாதேங்கோ. கறையில முகப் பவுடரை மொத்தமாய்த் தூவி ஒரு இரவு விடுங்கோ, எண்ணெயை உறிஞ்சும். காலமை தட்டிப்போட்டு, பாத்திரம் கழுவுற திரவத்தை ரெண்டு துளி விட்டு விரலால மெல்லமா ஒத்துங்கோ. தேய்க்கக் கூடாது. பச்சைத்தண்ணியில அலசுங்கோ. கறை போகுமட்டும் வெயிலில போடாதேங்கோ, இஸ்திரி காட்டாதேங்கோ, சூடு பட்டால் பதிஞ்சிடும். கைத்தறிக்குச் சாயம் போகும், முதல்ல உள் ஓரத்தில ஒரு துளி விட்டுப் பாருங்கோ. ரெண்டு மாசக் கறை முழுக்கப் போகும் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா உங்கட கையால கழுவோணும். அதை அவ பாக்கோணும்.

இரட்டைச்சிலிண்டர்:

சீலை அவவோட நிலாவெளியில எல்லே அக்கா.

உப்புவெளி மருமகள்:

அதைத்தான் சொல்லுறன். பவுடர் ரின்னை எடுத்துக்கொண்டு ஞாயிறு போங்கோ. மாமிக்கும் ஏதாவது கொண்டுபோங்கோ. வண்டியில போகாதேங்கோ. அந்தச் சத்தம் கேட்டாலே அவ கதவைப் பூட்டுவா. பஸ்ஸில போங்கோ.

இரட்டைச்சிலிண்டர்:

பஸ்ஸிலயோ? ஒரு நாள் நிண்டு வரச் சொன்னால் ராவைக்கு வண்டியை ஆர் பாக்கிறது?

கிண்ணியா பாஸ்:

சனிக்கிழமையே இங்க கொண்டாந்து விடுங்க தம்பி. ஹோலுக்குள்ளயே நிப்பாட்டலாம். எங்கட வீட்டிலயும் ஆள் உம்மா வீட்ட போய் ரெண்டு கிழமை.